குளிரில் நடக்கக் கிளம்புகிறவர்கள் உடையில் செய்யும் தவறுகள்

சமீபத்தில் ஒரு பனி நடைக்குப் புதியவர்கள் ஆறு பேரோடு போயிருந்தேன். வண்டியை விட்டு இறங்கியதும் ஆறு பேரும் பையில் இருந்த அத்தனையையும் மாட்டிக்கொண்டு, கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டு, "ஆஹா, இப்பதான் இதமா இருக்கு" என்று நின்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதல் இரண்டு வருஷம் நானும் இதே போலத்தான் நின்றேன். குல்லா எடுத்துக்கொள், மழை வந்தால் நனையாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கிளம்பும்போதே கதகதப்பாக இருப்பது

இதுதான் பெரிய தவறு. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் தருகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. அதே உடம்பு பையைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் ஏறினால் அதைப் போலப் பல மடங்கு தரும். அப்படியென்றால் நிற்கும்போது இதமாக இருக்கிற உடுப்பு, கால்மணி நேரம் ஏறியதும் வேகவைக்கத்தான் செய்யும். வியர்க்கும். வியர்வை துணியில் ஊறும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், போதாததற்கு ஆவியாகும்போதும் தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நடக்கிற வரைக்கும் இதெல்லாம் தெரியாது. நின்றால் தெரியும்.

எனக்கு ஒரு மலை முகட்டில் தெரிந்தது. தெர்மல் என்கிற குளிர்கால உள்ளுடுப்பு, அதன் மேல் காட்டன் டி-ஷர்ட், ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே தடித்த டவுன் ஜாக்கெட், அதாவது மெல்லிறகு அடைத்தது. இரண்டு மணி நேர ஏற்றம், முதுகில் வியர்வை ஓடுகிறது, நானோ குளிரே தெரியவில்லை என்று பெருமையாக நடந்தேன். மேலே போனதும் காற்று. டீ குடிக்க, போட்டோ எடுக்க என்று நின்றோம். ஐந்து நிமிஷத்தில் பற்கள் தந்தியடித்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜிப்பின் நுனியை விரலால் பிடிக்க முடியவில்லை, நாக்கு குழறியது, கேட்டவர்களிடம் "ஒண்ணுமில்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கூட வந்த நண்பன்தான் "டேய், முதல்ல சட்டையக் கழட்டு" என்று அவனே ஜிப்பைத் திறந்தான். டி-ஷர்ட்டைப் பிழிந்தால் சொட்டியது. ஜாக்கெட்டுக்குள் இருந்த இறகு வியர்வையில் கட்டி கட்டியாகத் திரண்டு ஓரங்களில் ஒதுங்கி, நடுவில் வெறும் துணிதான் மிச்சம். மாற்றிக்கொள்ள என் பையில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் எல்லாமே என் மேல்தான் இருந்தது. அவனுடைய உலர்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லோருமாகக் கீழே இறங்கினோம். மாதக்கணக்கில் திட்டம் போட்ட பயணம், என் ஒருவனால் பாதியில் போயிற்று.

உடம்பின் உள் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து ஆரம்பம். அதற்குப் பனிதான் கொட்ட வேண்டும் என்பதில்லை. வெளியே 10 டிகிரி இருந்தாலும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் போதும்.

இப்போது நான் செய்வது: கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், முதல் பத்து நிமிஷம் முணுமுணுத்துக்கொண்டே நடக்க வேண்டும். அப்புறம் ஒரு நிறுத்தம், தேவைப்பட்டால் இன்னொன்றைக் கழற்றிவிடுவேன். நெற்றியில் ஈரம் தட்டிய பிறகு ஜிப்பைத் திறப்பது தாமதம். கழற்ற ஒன்றும் மிச்சமில்லை என்றால் வேகத்தைக் குறைக்கிறேன். நின்றால், தண்ணீர் பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே டவுன் ஜாக்கெட் மேலே ஏறிவிடும், உடம்பில் சூடு இருக்கும்போதே.

"அப்புறம் கழட்டிக்கலாம்" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் வசனம். யாரும் கழற்றுவதில்லை. எல்லோரும் நடக்கும்போது தான் மட்டும் நின்று பையைத் திறக்கக் கூச்சம். கூட்டிப் போகிறவர் நீங்களென்றால், நீங்களே நில்லுங்கள்.

உள்ளே பருத்தி

வேண்டாம், முகட்டில் என் டி-ஷர்ட் போலத்தான் சொட்டும். ஜீன்ஸும் பருத்திதான்.

தடியாக ஒரே ஒரு ஜாக்கெட்

அதற்கு இரண்டே நிலைதான், போடுவது அல்லது கழற்றுவது. உடலோடு ஒட்டிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், மேலே ஃபிளீஸ் என்கிற பஞ்சு போன்ற செயற்கை இழைச் சட்டை, அதற்கு மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், நிற்கும் நேரத்துக்கென்று பையில் ஒரு டவுன் ஜாக்கெட். இப்படிப் பிரித்து வைத்தால்தான் இடத்துக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைக்க முடியும். ஒவ்வொன்றும் உள்ளே இருப்பதை இறுக்காத அளவில் இருக்கட்டும். கதகதப்பு தருவது துணிகளுக்கு நடுவே அடைபட்ட காற்று, அதை நசுக்கிவிட்டால் நாலு உடுப்பு போட்டும் பிரயோசனமில்லை.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் போவது

0 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 6 டிகிரி போல இருக்கும். ஃபிளீஸ் காற்றை அப்படியே உள்ளே விடும். அதற்காக மழை ஜாக்கெட்டை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டும் நடக்காதீர்கள். "மூச்சு விடும் துணி" என்று விளம்பரத்தில் சொல்வார்கள், ஏற்றத்தில் வருகிற வியர்வைக்கு அந்த மூச்சு போதாது.

இரண்டு சாக்ஸ்

பூட்ஸ் இறுகினால் ரத்தம் ஓடாது. இரண்டு போட்டவர்தான் முதலில் "விரலே மரத்துப்போச்சு" என்பார். ஒன்றே ஒன்று, நல்ல கம்பளியில்.

"பாதிச் சூடு தலை வழியாகத்தான் போகும்"

இல்லை. தலை உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், கிட்டத்தட்ட அந்த அளவு சூடுதான் அது வழியாகப் போகும். ஆனாலும் குல்லா வேண்டும், நடந்துகொண்டே சுலபமாகப் போடவும் கழற்றவும் முடிகிற உடுப்பு அது.

நடந்த உடையோடு தூங்குவது

காய்ந்துவிட்டது போலத்தான் தெரியும், காய்ந்திருக்காது. ஒரு தெர்மல், ஒரு ஜோடி சாக்ஸ், பிளாஸ்டிக் பையில் கட்டி அடியில் வைத்துவிடுங்கள். அது ராத்திரிக்கு. சும்மா வழியில் மாற்றிக்கொள்வதற்காக அந்தப் பையை அவிழ்க்கிற ஆளைப் பார்த்தால் நான் இன்னும் கத்துகிறேன்.