பழைய ஃபிரிட்ஜை மாற்றப் போகிறீர்களா? பத்து நாள் முன்பே தொடங்குங்கள்

சிங்கப்பூரில் ஃபிரிட்ஜ் வாங்குவது ஒரு சாயங்கால வேலை. அதைக் கொண்டுவந்து இறக்குவது இருபது நிமிட வேலை. பழையதைக் காலி செய்வதுதான் பத்து நாள் வேலை. இது எனக்குத் தெரியாமல், எங்கள் பதினாலு வருட ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராமல் போனதும், புதியதை மறுநாளே கொண்டுவரச் சொல்லிவிட்டேன். ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். உள்ளே நானும் மாமியாரும் வஞ்சிர மீன் துண்டுகளையும், மூன்று பொட்டலம் துருவிய தேங்காயையும், என்னவென்றே தெரியாத ஒரு கறுப்புப் பையையும் சமையலறைத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தோம். கறுப்புப் பையில் இருந்தது போன தீபாவளி ஆட்டுக்கறி. முதல் தடவை மாற்றுகிறவர்களுக்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. உண்மையிலேயே மாற்ற வேண்டுமா?

கதவு இடுக்கில் ஒரு ரசீதுத் தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தாள் தடையே இல்லாமல் வந்துவிட்டால் கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது. ரப்பரை மட்டும் மாற்றினாலே சில சமயம் போதும். கம்பிச்சுருள் பின்பக்கம் வெளியே தெரிகிற மாடலாக இருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு அதில் படிந்த தூசியைத் துடைத்தும் பாருங்கள். இதெல்லாம் செய்த பிறகும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது, பாலும் ஒரே நாளில் திரிகிறது என்றால் மாற்ற வேண்டியதுதான்.

2. அளவு எடுங்கள், கதவு திறக்கும் பக்கத்தையும் சேர்த்து

ஃபிரிட்ஜ் நிற்கப்போகும் இடத்தின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் எடுங்கள். பிறகு அது வரும் வழி முழுக்க அளவு டேப்போடு ஒரு தடவை நடந்து வாருங்கள்: மின்தூக்கிக் கதவு, தாழ்வாரத் திருப்பம், வாசலில் உள்ள இரும்புக் கேட், சமையலறை நிலை. கேட் முழுதாகத் திறக்கிறதா, செருப்பு அலமாரி இடிக்கிறதா என்றும் பாருங்கள். அட்டைப் பெட்டியோடு வந்தால் ஃபிரிட்ஜின் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். சுற்றிலும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதைக் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் எல்லாம் அளந்தேன், ஒன்றைத் தவிர. கீல் இருக்கும் பக்கம் எங்கள் வீட்டில் சுவர். புதிய ஃபிரிட்ஜின் கதவு அந்தச் சுவரில் இடித்து, பாதியில் நின்றுவிடுகிறது. கதவு அதற்கு மேல் விரிந்தால்தான் காய்கறி டிராயர் வெளியே வரும். ஆக, இன்றுவரை கத்தரிக்காயை நான் கையைக் கோணலாக விட்டுத்தான் எடுக்கிறேன்.

3. வாங்கும்போது கேட்க வேண்டியவை

கதவில் டிக் அடித்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 2008 முதல் இங்கே விற்கும் ஃபிரிட்ஜ்களுக்கு அது கட்டாயம். டிக் கூடக்கூட மின்சாரச் செலவு குறையும். டிக்கை மட்டும் பார்க்காமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அதிலேயே போட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். இரண்டு மாடலுக்கு நடுவே 150 யூனிட் வித்தியாசம் என்றால், யூனிட் 30 காசு என்று வைத்தால்கூட வருடத்துக்கு 45 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பத்து வருடம் ஓடும் சாமானுக்கு இது சின்னத் தொகை இல்லை.

மின்சாரமும் தண்ணீரும் மிச்சப்படுத்தும் சாமான் வாங்க அரசாங்கம் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டு, எல்லாரும் கிளைமேட் வவுச்சர் என்று சொல்வது, உங்களிடம் மீதி இருக்கிறதா என்று பாருங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு 2024 ஏப்ரலில் 300 வெள்ளியும், 2025 ஏப்ரலில் மேலும் 100 வெள்ளியும் கொடுத்தார்கள். 2027 டிசம்பர் 31 வரை செல்லும். எல்லா மாடலுக்கும் கிடைக்காது, போதிய டிக் இருக்க வேண்டும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கடையில் கேளுங்கள்.

கடைசியாக, பழையதை எடுத்துப் போவது. 2021 ஜூலை 1 முதல் மின்கழிவுக்கு ஒரு விதி இருக்கிறது: புதிய ஃபிரிட்ஜை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கடை, கேட்டால் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை இலவசமாக எடுத்துப் போக வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

4. பத்து நாள் கணக்கு

டெலிவரி தேதியைப் பத்து நாள் தள்ளி வாங்குங்கள். பழையது அடியோடு நின்றுவிட்டவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் நேரே ஐந்தாவது படிக்குப் போகலாம்.

முதல் நாள் எல்லாவற்றையும் வெளியே எடுக்காதீர்கள். ஒரு தாளும் பேனாவுமாக ஒவ்வொரு தட்டாகப் பார்த்து எழுதி, தாளைக் கதவிலேயே ஒட்டுங்கள். நாங்கள் எழுதியிருந்தால் சாம்பார் பொடி மட்டும் நாலு இடத்தில் வந்திருக்கும். அன்றோடு மீன், கறி, உறைந்த பரோட்டா வாங்குவதை நிறுத்திவிடுங்கள். தேக்கா சந்தைக்குப் போனால் அன்றைக்குத் தேவையான கீரையோடு திரும்ப வேண்டும். அதுதான் கஷ்டம்.

ஃபிரீசரில் தொடங்குங்கள். மீனும் இறாலும் முதலில், அடுத்தது கோழியும் ஆடும், துருவிய தேங்காய் கடைசி வாரத்தில். தினமும் இரவு ஒரு பொட்டலத்தைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் பதமாக இருக்கும். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள், சமைத்துவிடுங்கள். இட்லி மாவு அரைப்பதைக் கடைசி நாலு நாள் நிறுத்துங்கள். தேதி தெரியாத பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாம் என்று நினைக்காதீர்கள். கெட்டது எல்லாம் நாறுவதில்லை.

கதவுத் தட்டுதான் பெரிய ஏமாற்று. பாதிக்கு மேல் அங்கே இருக்கவே தேவையில்லாதவை: நெய், தேன், புளி, எண்ணெய் மிதக்கும் ஊறுகாய், கடையில் குளிரூட்டாமல் விற்கும் பிரிக்காத பெட்டிப் பால். இவற்றை அலமாரிக்கு மாற்றுங்கள். திறந்த சாஸ் பாட்டில்களில் லேபிளைப் படித்து முடிவு செய்யுங்கள். கெட்டுப்போன குழம்பை சிங்கில் ஊற்ற வேண்டாம். எண்ணெய் குழாயில் போய் உறையும். பையில் கட்டி, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, குப்பைக் குழாயில் போடுங்கள்.

வீட்டில் இன்சுலின் இருந்தால், அது இந்தக் கணக்கிலேயே சேராது. எங்கே, எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம் என்று முன்கூட்டியே மருந்தாளரிடம் கேளுங்கள். நம் ஊர் மதிய வெயிலில் சமையலறை மேடை அதற்கு ஏற்ற இடமில்லை.

5. முந்தின இரவும் அந்தக் காலையும்

முந்தின நாளே இரண்டு மூன்று பாட்டில் தண்ணீரை உறைய வையுங்கள், நிரம்ப ஊற்றாமல். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டவர்கள் கடையில் ஐஸ் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் ஸ்டைரோஃபோம் பெட்டியில் மீதிச் சாமானோடு அவற்றையும் வைத்து மூடினால் தாக்குப் பிடிக்கும். சமைத்த உணவும் பாலும் கறியும் ஐந்து டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் தாண்டக் கூடாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டில் இடம் கேட்பதாக இருந்தால், என்ன வைக்கப் போகிறோம் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். எங்கள் அடுத்த வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) உடனே இடம் கொடுத்தார். காய்கறி, பால், தயிர் மட்டும் அங்கே போயின. கறி எங்கள் பெட்டியிலேயே இருந்தது. ஹலால் இல்லாததை அவர் ஃபிரிட்ஜில் வைக்கக் கேட்பது சங்கடம்தானே.

பனிக்கட்டி படியும் பழைய மாடல் என்றால் முந்தின இரவே பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து, கீழே துண்டு விரியுங்கள். அந்த இரவிலிருந்தே சாமான் பெட்டியில்தான். பனி படியாத மாடலுக்குக் காலையில் கழற்றினால் போதும். பனியைக் கத்தியால் குத்தாதீர்கள். உள்ளே ஓடும் குழாய் ஓட்டையானால் குளிர்வாயு வெளியேறும். பல ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்600ஏ தீப்பிடிக்கக்கூடிய வாயு. கம்ப்ரஸர் பக்கத்தில் சுடர் படம் போட்ட ஸ்டிக்கர் இருந்தால் அதுதான்.

இன்னொன்று. பின்பக்கம் கம்ப்ரஸருக்கு மேலே, உருகிய நீர் சேரும் ஒரு சிறு தட்டு இருக்கும். அதை யாரும் நினைப்பதில்லை. எங்கள் ஃபிரிட்ஜைச் சாய்த்ததும் பழுப்பு நிறத் தண்ணீர் கூடத்திலிருந்து மின்தூக்கி வரை கோடு போட்டது. நான் மாப்போடு பின்னாலேயே போனேன். எட்டினால் அந்தத் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கண்ணாடித் தட்டுகளைக் கழற்றி, கதவையும் ஒயரையும் டேப்பால் ஒட்டி வையுங்கள்.

6. பழையது போகும் வழி

கடைக்காரர்கள் எடுத்துப் போனால் வேலை முடிந்தது. இல்லையென்றால் உங்கள் நகர மன்றத்தைக் கூப்பிட்டு, பெரிய சாமான் அகற்றும் சேவைக்கு நாள் குறியுங்கள். என்ன விதி, மாதத்துக்கு எத்தனை சாமான் என்று அவர்களிடமே கேளுங்கள். பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரும் எடுப்பார், சிலர் நாலைந்து வெள்ளி கொடுப்பதும் உண்டு. எப்படியிருந்தாலும், குறித்த நாள் வரும்வரை தாழ்வாரத்திலோ மின்தூக்கி அருகிலோ நிறுத்தாதீர்கள். தீ வந்தால் ஓடும் வழி அது. வீட்டுக்குள்ளேயே காத்திருக்க வேண்டுமானால் கதவு திறக்காதபடி கட்டி வையுங்கள். குழந்தைகள் ஒளிந்து விளையாட உள்ளே ஏறிவிடுவார்கள்.

7. புதியதை நிறுத்துதல்

கையெழுத்துப் போடும் முன் நாலு பக்கமும் நசுங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையையும் தெர்மகோலையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். முன்கால்களைத் திருகி, ஃபிரிட்ஜ் ஒரு சிட்டிகை பின்னால் சாய்ந்தாற்போல் வைத்தால் கதவு தானாக மூடும். நிமிர்த்தியே கொண்டுவந்தார்களா என்று கேளுங்கள். படுக்க வைத்திருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்று கையேட்டில் இருக்கும். நேரே சுவர் சாக்கெட்டில் செருகுங்கள், மல்டிபிளக் வேண்டாம்.

முதல் சில மணி நேரம் பக்கச் சுவர்கள் தொட்டால் சூடாக இருக்கும். என் மாமியார் "இது அடுப்பா, ஃபிரிட்ஜா?" என்று கேட்டார். உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் நிறைய மாடல்களில் அந்தச் சுவர்களுக்குள்தான் ஓடுகின்றன. பயப்பட வேண்டாம்.

ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். அது நாலு டிகிரிக்கு இறங்கும்வரை பெட்டிச் சாமான் பெட்டியிலேயே இருக்கட்டும். நேரமானால் கடையில் ஒரு பை ஐஸ் வாங்கிப் போடுங்கள். எங்களுக்கு இரவு பத்தரை ஆனது. மக்சிக் வீட்டுத் தயிரை மறுநாள் காலையில்தான் போய் வாங்கி வந்தேன்.