கடல்மீன் தொட்டியில் பாசியா? முதலில் வாளியைப் பாருங்கள்

கடல்மீன் தொட்டி வைத்த ஆறாவது மாதம், பாறைகளுக்கெல்லாம் பச்சை முடி முளைத்துவிட்டது. பினாங்கு ஜெலுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் கூடம், 120 லிட்டர் தொட்டி. மருந்து வாங்கி ஊற்றினேன். போன பாசி மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

1. என்ன பாசி என்று பாருங்கள்

புதுத் தொட்டியில் மணல்மேல் பழுப்புத் தூள் படிந்தால் அது டயட்டம். சிலிக்கேட்டை வைத்து வளர்வது; சில வாரங்களில் தானே அடங்கும், விட்டுவிடுங்கள். கருஞ்சிவப்பாக ஆடைபோல் படர்ந்து, உறிஞ்சினால் உரிந்து வருவது சயனோ. பாசி என்கிறோமே தவிர அது பாக்டீரியா. பச்சை நூலாக நிற்பது முடிப்பாசி. பழுப்புச் சளியில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தால் டைனோ (டைனோபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்). அதற்கு வைத்தியமே வேறு, கடைசியில் சொல்கிறேன்.

2. கையால் எடுங்கள்

பம்பை நிறுத்துங்கள். சிறு குழாயின் முனையில் பழைய டூத்பிரஷ்ஷை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, தேய்க்கத் தேய்க்க வாளிக்கு உறிஞ்சுங்கள். பிய்த்துத் தண்ணீரில் விட்டால் போய் ஒட்டிய இடத்தில் மறுபடி முளைக்கும். உறிஞ்சிய அளவுக்குப் புது உப்புநீர் ஊற்றினால் அந்த வாரத் தண்ணீர் மாற்றமும் முடிந்தது.

3. அந்த வாளி

நம் ஊர் வெயிலில் கூடம் மதியம் 30 டிகிரியைத் தாண்டும். தொட்டிக்கு 26 வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் எந்திரத்தின் விலைக்கு அஞ்சி மின்விசிறி மாட்டுவோம். விசிறி குளிர்விப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். என் தொட்டியில் தினமும் 2 லிட்டர் குறையும். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுவேன். மாதத்துக்கு 60 லிட்டர், பாதித் தொட்டி!

ஆவியாவது வெறும் தண்ணீர். அதில் கரைந்திருந்தது எதுவும் போவதில்லை. பினாங்குக் குழாய்நீரில் பெரும்பங்கு மூடா ஆற்று நீர். குடிக்க நல்லதுதான். ஆனால் ஆற்று நீரில் சிலிக்கேட் இருக்கும், நைட்ரேட்டும் கொஞ்சம் இருக்கலாம். தினமும் ஊற்ற ஊற்ற அவை சேர்ந்துகொண்டே போகும். பாசிக்கு நானே சோறு போட்டிருக்கிறேன்.

ஆகவே நிரப்புவதற்கும் உப்பு கலப்பதற்கும் ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீர் (சவ்விலும் பிசினிலும் வடித்து, கரைந்ததையெல்லாம் நீக்கியது) மட்டும். தெருமுனைத் தண்ணீர் எந்திரத்தில் பிடிப்பதானால் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். சில எந்திரங்கள் வெறுமனே வடிகட்டித்தான் தருகின்றன. மீட்டர் 0 காட்ட வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் சமாளிக்கலாம்.

4. அளந்து பாருங்கள்

பாசிக்குச் சோறு இந்த இரண்டும்: நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். இந்த அளவில் நின்றால் போதும். பாறை முழுக்கப் பாசி இருக்கும்போது சோதனை பூஜ்யம் காட்டினால் நம்பாதீர்கள்; இருப்பதையெல்லாம் பாசி தின்றுவிட்டது என்று பொருள்.

5. தீனி, விளக்கு, நத்தை

உறைந்த தீனியை அப்படியே போடாமல், கரைத்து வடிகட்டி, சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். விளக்குக்கு டைமர் வைத்து 8 மணி நேரம். மேற்குப் பார்த்த சன்னல் பக்கத்தில் இருந்தால் திரை போடுங்கள். நத்தையில் டுரோக்கஸ் என் விருப்பம்: கவிழ்ந்தாலும் தானே நிமிரும். டர்போ நன்றாகத் தின்னும், ஆனால் மல்லாந்தால் நாம்தான் எழுந்து போய் நிமிர்த்த வேண்டும்.

இதெல்லாம் செய்தும் இரண்டு மாதமாவது ஆகும்.

டைனோ வந்தால்

எனக்கு வந்தது, ஆத்திரத்தில். பாஸ்பேட் உறிஞ்சியை இரு மடங்கு போட்டு பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்கினேன். மற்ற பாசி ஒழிந்த இடத்தில் டைனோ வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போது நேர்மாறாகப் போங்கள்: உறிஞ்சியை எடுங்கள், தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள். பவளம் இல்லாத தொட்டியானால் மூன்று நாள் விளக்கணைத்துத் துணி போட்டு மூடலாம். நத்தைகளை முதலிலேயே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். டைனோவில் சில வகை நஞ்சு. நான் தாமதித்ததில் நாலு டுரோக்கஸ் போயின.