மாடல் டி காருக்கு எந்த பிரேக்? உப்புக்காற்று ஊருக்கான வழி

1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி ஒன்றைச் சரிசெய்து மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி பக்கம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் பெயின்ட், சீட் வேலைக்கெல்லாம் முன்னால் பிரேக்கை முடிவு செய்யுங்கள். இங்கே மலை இல்லைதான். ஆனால் மணல் இருக்கிறது, உப்பு இருக்கிறது.

படி 1: இருப்பதைப் பாருங்கள்

மூன்று பெடல்களில் வலது ஓரத்தில் இருப்பது பிரேக். அது சக்கரத்தை நேராகப் பிடிக்காது. கியர் பெட்டிக்குள் சுழலும் டிரம்மை ஒரு பேண்ட் (சுற்றிப் பிடிக்கும் உலோகப் பட்டை) இறுக்கும். அந்தப் பிடி ஷாஃப்ட், பின் ஆக்ஸில் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். நடுவில் எது முறிந்தாலும் பிரேக் காலி. முக்கியமாக, பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பழைய பாபிட் (மென்மையான உலோகக் கலவை) வாஷர் நொறுங்கினால் பல்சக்கரங்கள் விலகிவிடும், பெடலை மிதித்தும் பயனில்லை. ஆக்ஸிலைப் பிரித்து வெண்கல வாஷர் போட்ட பிறகுதான் மற்ற பேச்சு.

தனுஷ்கோடியைத் தாண்டிய அரிச்சல்முனை ரோட்டில் காற்றுக்கு மணல் ஏறிக் கிடக்கும். ஒரு பின் சக்கரம் அந்த மணலிலும் மற்றது தாரிலும் இருக்கும்போது மிதித்தால் ஷாஃப்ட் நின்றுவிடும். ஆனால் டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் பல்சக்கர அமைப்பு) விடாது: மணலில் உள்ள சக்கரம் பின்னோக்கிச் சுற்ற, தாரில் உள்ளது முன்னோக்கி உருண்டுகொண்டே போகும்.

கை லீவர் பின் சக்கர டிரம்மைப் பிடிக்கும். 1925 வரை அது லைனிங் (உராய்ந்து பிடிக்கும் மேலுறை) இல்லாத இரும்பு ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த துண்டு). 1926, 1927 வண்டிகளில் லைனிங் போட்ட 11 இன்ச் டிரம். இரண்டுமே நிறுத்தி வைக்கத்தான். ஆனால் இது தளர்ந்திருந்தால் இன்ஜினைக் கிளப்ப முன்னால் நின்று கிராங்க் கைப்பிடியைச் சுற்றும்போது வண்டி உங்கள் மேலேயே ஏறும்.

படி 2: தேர்வு

ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் நல்ல லைனிங் போட்ட கியர் பெட்டி பேண்டும் சரியான கை பிரேக்கும் போதும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவதென்றால் பின் டிரம்மை வெளியிலிருந்து சுற்றிப் பிடிக்கும் கூடுதல் பேண்ட் பிரேக் வேண்டும். எங்கள் பரிந்துரை இதுதான். வாங்கும்போது, பின்னோக்கி உருண்டாலும் பிடிக்குமா என்று கேளுங்கள். முன்னோக்கி மட்டும் பிடிக்கும் வகை பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தினால் கைவிடும்.

ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும் பிரேக்) வேண்டாம் என்பது எங்கள் கருத்து. டியூசன்பெர்க் கார் 1921-லேயே நான்கு சக்கரத்துக்கும் அதைக் கொடுத்தது உண்மை. ஆனால் மாடல் டி முன் ஆக்ஸில் பிரேக் முறுக்கைத் தாங்கச் செய்ததல்ல. பிரேக் ஆயில் வேறு ஈரத்தை உறிஞ்சும். மாதம் ஒருமுறை எடுக்கும் வண்டியில் சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும்.

படி 3: மாட்டுவது

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். டிரம்மில் உப்புக்குழி இருந்தால் லேத்தில் கடைந்துவிடுங்கள். புது லைனிங்கைச் செம்பு ரிவெட்டில் அடிக்கும்போது தலை லைனிங்குக்குள் பதிந்திருக்க வேண்டும். துருத்தினால் டிரம்மில் கோடு விழும்.

பிறகு இரண்டு பின் சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பெடலை மெல்ல அமுக்கும்போது வெளி பேண்ட் முதலில் பிடிக்க வேண்டும், கியர் பெட்டி பேண்ட் அதற்கு அடுத்து. இரண்டு சக்கரமும் ஒரே இறுக்கத்தில் நிற்கும்வரை பெடலின் இழுப்பை வெளி பேண்டுக்குக் கொண்டுபோகும் ராடுகளைத் திருகுங்கள். பெடல் பலகையைத் தொடவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் வழுக்கினால் ராடைத் திருகிக்கொண்டே இராமல் அந்த டிரம்மை விரலால் தடவுங்கள். பெரும்பாலும் ஆக்ஸில் ஆயில் கசிந்திருக்கும். சீல் மாற்றாமல் அது தீராது.

படி 4: சோதனை

காலியான ரோட்டில் 20 கி.மீ. வேகத்தில் தொடங்குங்கள். பிரேக் ஒவ்வொரு நொடியும் வேகத்தை நொடிக்கு 3 மீட்டர் அளவு குறைப்பதாக வைத்தால், 40 கி.மீ. வேகத்தில் சுமார் 21 மீட்டரிலும் 60-ல் சுமார் 46 மீட்டரிலும் நிற்கும். கால் பிரேக்குக்குப் போகும் நேரம் இதில் சேரவில்லை.

கடலோரத்தில் ஓட்டி வந்ததும் டிரம், ராடு, ராடை மாட்டும் பின் (ஆணி) எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு போர்த் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் பின்களில் படகுக்குப் போடும் க்ரீஸைத் தடவுங்கள், லைனிங்கில் படக்கூடாது. வாரக்கணக்கில் நிறுத்தினால் லீவரை நடுவில், நியூட்ரலில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இழுத்து வைத்தால் ஷூ டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். மறுபடி கிராங்க் போடுமுன் லீவரை முழுக்கப் பின்னால் இழுத்துவிடுங்கள்.