‘டக்’ சத்தத்தை நம்பாதீர்கள்: ட்ரெய்லரை மாட்டும்போதும் கழற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பட்டர்வொர்த் கண்டெய்னர் துறைமுகத்துக்கும் பிறைத் தொழிற்பேட்டைக்கும் நடுவே ஒரே நாளில் நாலைந்து தடவை ட்ரெய்லரை மாட்டிக் கழற்றுகிறவர்கள் நம்மில் பலர். கை நன்றாகப் பழகிவிடுவதால் கீழே இறங்கிப் பார்ப்பது குறைந்துபோகிறது.

ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டியான பிரைம் மூவரைப் பின்னால் விடும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். பூட்டு விழுந்துவிட்டது என்று நினைத்து, ட்ரெய்லர் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஏர் ஹோஸை மாட்டிக் கிளம்பிவிடுவோம். வண்டி பழகிய முதல் வருடத்தில் நானும் அப்படித்தான் கிளம்பினேன். யார்டு கேட்டருகே திரும்பும்போது ட்ரெய்லர் நழுவி, ஹோஸ்கள் அறுந்து, முன்பக்கம் தரையில் குத்தி நின்றது. நல்லவேளை, காலி ட்ரெய்லர். பக்கத்திலும் யாரும் இல்லை. பினாங்குப் பாலத்தில், பின்னால் மோட்டார் சைக்கிள்கள் வரும் நேரத்தில் அது நடந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

நடந்தது இதுதான். முன்பு அதை விட்டுப்போனவருடைய வண்டி என்னுடையதைவிட உயரம். ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்க அவர் இறக்கிவைத்த கால்களின் மேல் ட்ரெய்லரும் உயரமாக நின்றது. ட்ரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளைதான் கிங் பின்; அது 2 அங்குலம், 3.5 அங்குலம் என இரண்டு அளவில் வரும். இரண்டிலும் நடுவே ஒடுங்கிய கழுத்தும் அடியில் தடித்த விளிம்பும் இருக்கும். பூட்டு கவ்வ வேண்டியது கழுத்தை. ட்ரெய்லர் உயரமாக நின்றால் கிங் பின்னும் உயரத்தில் நிற்கும். பூட்டு அடி விளிம்பை மட்டும் பிடிக்கும், அல்லது எதையும் பிடிக்காமலே மூடிக்கொள்ளும். இரண்டிலும் சத்தம் ஒன்றுதான்.

அதனால் பின்னால் விடும்போது ட்ரெய்லரைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு இறங்கிப் பாருங்கள். ட்ரெய்லரின் அடித்தகடு, ஃபிப்த் வீலின் (பிரைம் மூவரின் பின்பக்கத்தில் ட்ரெய்லரைத் தாங்கிப் பூட்டும் தட்டு) மேல்மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது பின்பக்கச் சரிவில் உரசி ஏறி, கிங் பின் சரியான இடத்தில் உட்காரும். தகடு உயரமாக இருந்தால் காலின் கைப்பிடியைச் சுற்றி ட்ரெய்லரைத் தாழ்த்துங்கள். இரண்டு நிமிட வேலை.

மாட்டியதும் ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி, கீழ் கியரில் மெதுவாக முன்னுக்கு இழுத்துப் பார்ப்போம். அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. பூட்டு தப்பாகக் கவ்வியிருந்தாலும் சில நேரம் அந்த இழுப்பைத் தாங்கிவிடும். சரி, இன்னொரு முறை இறங்குங்கள். டார்ச்லைட் எடுத்துக் குனிந்து, தகட்டுக்கும் ஃபிப்த் வீலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் கழற்றி மறுபடி மாட்டத்தான் வேண்டும். அப்புறம் பின்பக்கத்திலிருந்து உள்ளே டார்ச் அடித்து, பூட்டு கழுத்தைச் சுற்றி மூடியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். பூட்டின் கைப்பிடி முழுக்க உள்ளே போய், சேஃப்டி கிளிப் மாட்டியிருக்க வேண்டும். மழை கொட்டினாலும் இதை விடாதீர்கள்.

உயிரை வாங்கும் இன்னொரு தவறு, பிரைம் மூவரின் ஹேண்ட்பிரேக்கைப் போடாமல் இறங்கி ஹோஸ் மாட்டுவது. சிவப்பு ஹோஸில் காற்று இல்லாதவரை ட்ரெய்லர் பிரேக் பிடித்து நிற்கும், வண்டி நகராது. அதை நம்பித்தான் பலர் இறங்குகிறார்கள். ஹோஸை மாட்டியதும் காற்று ஏறி, ட்ரெய்லரின் பார்க்கிங் பிரேக்கும் போடாமல் இருந்தால், பிரேக் விட்டுவிடும். முழு வண்டியும் உருளத் தொடங்கும்போது டிரைவர் கேபினுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே நிற்பார். ஓடிப்போய் ஏறி நிறுத்தப் பார்த்து உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். தம்பி, இறங்குவதற்கு முன் ஹேண்ட்பிரேக், எஞ்சின் ஆஃப், சாவி சட்டைப்பையில். அடுத்து ட்ரெய்லரின் பார்க்கிங் பிரேக். ஹோஸ் அதற்கப்புறம்தான்.

கழற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது தரை. கண்டெய்னரும் சரக்குமாக 30 டன் வரை வரும். முன்பக்கப் பாரமெல்லாம் இரண்டு சின்னக் கால்களில் இறங்கும். மழையில் ஊறிய செம்மண்ணும் மதிய வெயிலில் இளகிய தாரும் அதைத் தாங்காது. கால்களுக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். பல நாள் விடுமுறைக்கு யார்டில் விட்டுப்போகும் ட்ரெய்லருக்கு, ஹோஸைப் பிடுங்கியதும் பிடிக்கும் பிரேக்கை நம்பாதீர்கள்; காற்று மெல்லக் கசிந்துவிடும். பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

கால் இறங்கிய பிறகு ஹோஸ்களையும் லைட் கேபிளையும் கழற்றி அதனதன் இடத்தில் மாட்டுங்கள். பூட்டின் கைப்பிடியை இழுத்துவிட்டு மெதுவாக முன்னே போங்கள். ஃபிப்த் வீல் கிங் பின்னை விட்டதும், பிரைம் மூவரின் சட்டம் ட்ரெய்லருக்கு அடியில் இருக்கும்போதே நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். இறங்கி இரண்டு கால்களையும் பாருங்கள். ஒன்று புதைந்தாலும் ட்ரெய்லர் உங்கள் சட்டத்தின் மேல்தான் சாயும். மறுபடி அடியில் போய்த் தூக்கிவிடலாம். அசையாமல் நிற்கிறது என்று தெரிந்த பிறகு வண்டியை முழுதாக வெளியே எடுங்கள்.