மரபுக் கட்டடப் பாதுகாப்பும் பண்பாட்டியலும்: அமெரிக்காவில் இரட்டை முதுகலை படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தப் பல்கலைக்கழகம் என்று மாதக்கணக்காக அலசுகிறவர்கள், சேர்ந்தபின் எந்தப் பாடங்களை எடுப்பது என்பதை ஒரே மாலையில் முடித்துவிடுகிறார்கள். இந்த இரட்டைப் பட்டத்தில் பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் இத்துறை வேலைகளில் கணிசமானவை 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தால் உருவாகின்றன. மத்திய அரசின் பணமோ அனுமதியோ வேண்டியிருக்கும் சாலை, பாலம், கட்டடம் எதுவானாலும், வரலாற்றுச் சின்னங்களுக்குப் பாதிப்பு வருமா என்று முன்கூட்டியே ஆராயச் சொல்கிறது அதன் 106-ஆம் பிரிவு. அந்த ஆய்வறிக்கை எழுத ஆளெடுக்கும் ஆலோசனை நிறுவனங்கள், அமெரிக்க உள்துறை வகுத்த தகுதி விதிகளைப் பார்க்கின்றன. வரலாறு, தொல்லியல், கட்டடக்கலை வரலாறு, கட்டடக்கலை, மரபுக் கட்டடக்கலை என அதில் 5 பிரிவுகள். பண்பாட்டியலுக்குத் தனி இடம் இல்லை. கட்டடக்கலை வரலாற்றுப் பிரிவுக்கு மரபுப் பாதுகாப்பில் முதுகலை இருந்தால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்கக் கட்டடக்கலை வரலாற்றில் பாடம் படித்திருக்க வேண்டும் என்ற வரியும் அதே விதியில் இருக்கிறது. விருப்பப் பாடங்கள் எல்லாவற்றையும் தெற்காசியா, காலனியம், நினைவாய்வு என்று எடுத்தவரின் மதிப்பெண் பட்டியலில் அந்த வரிக்குக் காட்ட எதுவும் இருக்காது. முதல் ஆண்டிலேயே அந்தப் பாடம் ஒன்றையும், வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஒரு கட்டடத்தைச் சேர்க்கப் பரிந்துரை எழுதும் பயிற்சி ஒன்றையும் முடித்துவிடுங்கள். பாடத்திட்டங்களைச் சேமித்து வையுங்கள். பாடத்தின் பெயர் பொதுவாக இருந்தால் உள்ளடக்கத்தைக் காட்ட அவை வேண்டியிருக்கும்.

அடுத்தது, பண்பாட்டியல் பக்கமிருந்து வருகிறவர்கள் கட்டுமானப் பொருள் ஆய்வகத்தைத் தவிர்ப்பது. சுவரைப் படிக்கத் தெரியாமல் அதன் வரலாற்றைப் பேசினால் பேச்சு பாதியில் நின்றுவிடும். 19-ஆம் நூற்றாண்டின் மென்மையான செங்கல் சுவரைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள். பின்னால் யாரோ இணைப்புகளில் போர்ட்லண்ட் சிமென்ட் பூசியிருப்பார்கள். சிமென்ட் இறுகி ஈரத்தை விடாது. ஈரம் செங்கல் வழியே வெளியேறும். அதோடு வரும் உப்பு செங்கல் முகத்துக்குப் பின்னால் படிகமாகி, முகத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும். கடைசியில் சிமென்ட் கோடு துருத்திக்கொண்டு நிற்க, செங்கல் உள்ளே குழிந்திருக்கும். ஆய்வகத்தில் பழஞ்சாந்தைப் பொடித்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், மணல் தங்கும். அதைக் கழுவி, உலர்த்தி, சலித்து, நிறமும் பருமனும் பார்த்துத்தான் புதுச் சாந்துக்கு மணல் தேடுவார்கள். மணலில் சிப்பித்தூள் கலந்திருந்தால் அதுவும் கரைந்துபோய் விகிதக் கணக்கு தப்பும். இதையெல்லாம் கையால் செய்து பார்த்தவருக்கே பழுதுபார்ப்பு அறிக்கையில் எங்கே கேள்வி கேட்பது என்று தெரியும்.

ஆய்வேட்டில் பாதி கட்டடம், பாதி கோட்பாடு என்று ஒட்டவைப்பது இன்னொரு தவறு. இரு துறையும் ஒன்றாகத் தேவைப்பட்ட இடத்தைத் தேடுங்கள். 1991-இல் நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனில் மத்திய அரசு அலுவலகக் கட்டடத்துக்குத் தோண்டியபோது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் இடுகாடு வெளிப்பட்டது. பழைய வரைபடங்களில் அது குறித்தே இருந்தது. பின்னாளைய அடித்தளங்கள் எல்லாவற்றையும் அழித்திருக்கும் என்ற எண்ணத்தில் வேலை நடந்தது. ஆனால் பல அடி நிரப்பு மண்ணுக்குக் கீழே கல்லறைகள் அப்படியே இருந்தன. 400-க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அவற்றை யார் ஆராய்வது, எப்படி மரியாதை செய்வது என்று கறுப்பின மக்கள் போராடினார்கள். ஆய்வு, கறுப்பின மாணவர்களின் கல்விக்குப் பெயர்பெற்ற ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறியது, 2003-இல் எச்சங்கள் மறு அடக்கம் செய்யப்பட்டன, 2006-இல் அது தேசிய நினைவுச்சின்னமானது. 106-ஆம் பிரிவின் நடைமுறையும் ஒரு சமூகத்தின் நினைவும் இங்கே மோதின. இப்படி ஒரு கேள்வி கையில் இருந்தால் இரண்டு துறை வழிகாட்டிகளும் ஒரே அத்தியாயத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல முடியும்.

விடுமுறைக்கு ஊர் வரும்போது காரைக்குடிப் பக்கம் வீட்டுக்காரர்களைப் பேட்டி எடுத்துவிடலாம் என்று கிளம்புவதற்கு முன், பல்கலைக்கழகத்தின் மனித ஆய்வு நெறிக்குழுவிடம் விண்ணப்பியுங்கள். அனுமதி தேவையென்று குழு கருதும் ஆய்வுக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் தரமாட்டார்கள். எடுத்த பேட்டிகளை ஆய்வேட்டில் சேர்க்க முடியாமல் போகலாம். வாய்மொழி வரலாற்றுக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான், ஆனால் உங்கள் பேட்டி அந்த வகையா என்பதைத் தீர்மானிப்பது குழு, நீங்கள் அல்ல.

கிரெடிட் விஷயத்தில் ஒன்று போதும்: எந்தப் பாடம் இரு பட்டத்துக்கும் பொதுவாகக் கணக்காகும் என்பதை இரண்டு துறைகளிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இரண்டு முதுகலைக்கு இரண்டு ஓ.பி.டி. (படித்த துறையில் தற்காலிகமாக வேலை செய்யும் அனுமதி) கிடைக்கும் என்று எண்ணி வருகிறவர்கள் உண்டு. கல்வி நிலை ஒன்றுக்கு 12 மாதம்தான். இரண்டுமே முதுகலை என்பதால் ஒரே முறை. படிப்புக் காலத்தில் முழுநேர சி.பி.டி. (பாடத்திட்டத்தின் பகுதியாகச் செய்யும் வேலைப் பயிற்சி) 12 மாதம் செய்துவிட்டால் அதுவும் போய்விடும். ஓ.பி.டி.க்குப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிந்தபின் 60 நாள் வரைதான் வாய்ப்பு. ஓ.பி.டி. தொடங்கிய பின் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது. மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே என்பதால், தனியார் ஆலோசனை நிறுவனங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் கடைசிப் பருவம் தொடங்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுங்கள்.