ரெக்கவரி முடிந்தும் அப்டேட் ஏறவில்லையா? ரீசெட் பட்டனை மறுபடி தொடாதீர்கள்

போன வாரம் எங்கள் சர்வீஸ் கடையில் வேலை பழகும் தம்பி ஒருவன், ஒரே லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாக்கும் ரீசெட்டை மூன்றாவது தடவையாகப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்ததும், “ஏன்டா மறுபடி போட்ட?” என்று கேட்டேன். “அப்டேட் ஏறலண்ணே. பாதி வரைக்கும் போய் ‘அன்டூயிங் சேஞ்சஸ்’னு திரும்பிடுது. இன்னொரு தடவை போட்டா சரியாகிடும்னு நெனச்சேன்” என்றான். அவன் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அதே நம்பிக்கையோடு நான் செய்த ஒரு வேலைக்கு வேறொருவர் விலை கொடுத்திருக்கிறார். அதைக் கீழே சொல்கிறேன்.

நெட் இருக்கிறதா, சி டிரைவில் இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அதை யாரும் பார்த்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டரை மீட்டெடுத்தாயிற்று, டெஸ்க்டாப் வந்துவிட்டது, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் அப்டேட் மட்டும் ஏற மறுக்கிறது. இந்த ஒரு நிலையில் கை பழகாதவர்கள் செய்யும் தவறுகள்தான் இவை.

தேதியைப் பார்க்காமல் மற்றதையெல்லாம் நோண்டுவது

பல மாதம் கரண்டே பார்க்காமல் மூலையில் கிடந்த மெஷினைத்தான் பெரும்பாலும் ரெக்கவரிக்குக் கொண்டுவருவார்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி செத்திருக்கும். கடிகாரம் பல வருஷம் பின்னால் நிற்கும். அப்டேட் சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதியில் செல்லாது, அதனால் இணைப்பே கிடைக்காது. பேட்டரியை மாற்றுங்கள், நேரத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு மற்றதைப் பாருங்கள். இதைப் பார்க்காமல் ஒரு பகல் முழுக்க சர்வீஸ்களை நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்த பையன்களை எனக்குத் தெரியும்.

ரீசெட்டுக்கு மேல் ரீசெட்

எனக்கு இன்னும் மனசு ஆறாத தவறு இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2019 மழைக்காலம். எங்கள் ஊர் அரிசி மண்டி முதலாளி ஒருவர் தன் பில்லிங் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்டேட் ஏறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரி தேய்ந்துபோனது, அதுவும் தாங்கவில்லை. அதற்குப் பிறகு மெஷின் டெஸ்க்டாப் வரைக்கும் வரவில்லை. நான் ரெக்கவரி மெனுவுக்குள் போய், ‘கீப் மை ஃபைல்ஸ்’ கொடுத்து ரீசெட் போட்டேன். ஒரு மணி நேரத்தில் டெஸ்க்டாப் வந்தது. அவர் முகத்தில் நிம்மதி. அப்டேட்டையும் முடித்துக் கொடுத்துவிடலாம் என்று ஓடவிட்டேன். 80073712 என்ற எண்ணோடு நின்றது. இரண்டு முறை முயன்றும் அதே எண்.

அந்த எண்ணைப் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. “கோப்புகளை வைத்துக்கொண்டு போட்டதால்தான் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுத்தமாகப் போட்டால் சரியாகிவிடும்” என்று நானே முடிவு கட்டினேன். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், போட்டோ எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்தேன். முடிந்ததும் அப்டேட்டை ஓட்டினேன். 80073712.

மெஷினை வாங்க வந்த அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, “தம்பி, கணக்கு எங்க?” அவருடைய பில்லிங் மென்பொருள் கணக்கையெல்லாம் டாக்குமென்ட்ஸில் வைக்கவில்லை. புரோகிராம் ஃபைல்ஸுக்குள், தன் சொந்த ஃபோல்டரிலேயே வைத்திருந்தது. முதல் ரீசெட் முடிந்தபோது அது அழியவில்லை. சி டிரைவில் விண்டோஸ் டாட் ஓல்ட் என்ற ஃபோல்டரில் பத்திரமாக இருந்திருக்கும். நான் திறந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் எடுத்திருக்கலாம். இரண்டாவது ரீசெட்டில் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன். ஏழு மாத வரவு செலவு. நெல் கொடுத்த விவசாயிகளுக்கு எவ்வளவு பாக்கி, யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், எல்லாம் அதில்தான். காகித பில்களை வைத்துக்கொண்டு அவரும் அவர் மகளும் மூன்று வாரம் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள். பல இரவுகள் நானும் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைத் திட்டவே இல்லை. அது இன்னும் கனமாக இருந்தது.

சரி, இரண்டு தடவை போட்டும் அதே பிழை ஏன் வந்தது? இதைப் புரிந்துகொண்டால் மூன்றாவது தடவை யாருக்கும் கை போகாது.

விண்டோஸ் 8 காலத்தில் ரீசெட் என்றால், தனியாக ஒரு ரெக்கவரி இமேஜ் இருக்கும், அதிலிருந்து புதிதாக எடுத்துப் போடும். விண்டோஸ் 10-இல் அந்தத் தனி இமேஜை எடுத்துவிட்டார்கள். இடம் மிச்சம். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே சி டிரைவில் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரிலிருந்தே ரீசெட் ஒரு புதிய விண்டோஸைக் கட்டுகிறது. அப்டேட்டுகள் வந்து சேரும் சரக்கறை அது. காம்போனன்ட் ஸ்டோர் என்பது அதன் பெயர். 80073712 என்ற எண் சொல்வது, அந்தச் சரக்கறையே கெட்டிருக்கிறது என்பதைத்தான். கெட்டுப்போன தயிரிலிருந்து உறை எடுத்து நல்ல பாலில் விட்டால் என்ன தயிர் கிடைக்குமோ, அதுதான் இங்கேயும் கிடைக்கும். பாத்திரத்தை எத்தனை தடவை கழுவினாலும் பயனில்லை.

2020-இல் வந்த, 2004 என்று எண் கொண்ட விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து ரீசெட் திரையில் இரண்டு வழி கேட்கும். ‘லோக்கல் ரீஇன்ஸ்டால்’ என்பது மேலே சொன்ன பழைய உறை. ‘கிளவுட் டவுன்லோட்’ என்பது மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து புதிதாக இறக்கிக்கொள்வது. அதற்கு நாலு ஜிபி அளவுக்கு டேட்டா போகும். தினசரி ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி போன் டேட்டாவை நம்பி இருப்பவர்கள் அதைப் பார்த்ததும் லோக்கலைத் தொட்டுவிடுகிறார்கள். கடையில் அந்தத் தம்பி மூன்று தடவையும் தொட்டது லோக்கலைத்தான்.

ஆனால் கிளவுடையே தேர்ந்தெடுத்தாலும், ரீசெட் என்றால் ஏற்றிவைத்த புரோகிராம்கள் எல்லாம் போகும். ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. அது காப்பாற்றுவது உங்கள் டாக்குமென்ட்ஸ், படங்கள் போன்றவற்றை. புரோகிராம் தன் ஃபோல்டருக்குள் ஒளித்துவைத்திருக்கும் கணக்கை அல்ல. போட்டாயிற்று என்றால், உடனே விண்டோஸ் டாட் ஓல்டைத் திறந்து தேவையானதை வேறு டிஸ்குக்கு எடுத்துவிடுங்கள். அது பத்து நாளில் தானாக அழிந்துவிடும்.

ரீசெட்டுக்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும்?

முதலில் டிஸ்கின் உடல்நிலை. சரக்கறை ஏன் கெட்டது என்று கேளுங்கள். கரண்ட் போனதால் ஒரு தடவை கெட்டிருந்தால் பரவாயில்லை. டிஸ்கே சாகக் கிடந்தால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு ரிப்பேரும் அதை இன்னும் சீக்கிரம் கொல்லும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் அப்டேட்டை மறந்துவிட்டு முதலில் தரவை வெளியே எடுங்கள்.

டிஸ்க் நன்றாக இருந்தால், அட்மின் கமாண்ட் விண்டோவில் முதலில் டிஸ்ம் கட்டளையின் ரெஸ்டோர்ஹெல்த், அது முடிந்த பிறகு விண்டோஸ் ஃபைல்களைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். எஸ்எஃப்சி தனக்கு வேண்டிய நல்ல ஃபைலை அந்தச் சரக்கறையிலிருந்துதான் எடுக்கிறது. சரக்கறையைச் சரிசெய்யும் வேலை டிஸ்முக்கு. இன்னொன்று: ரெஸ்டோர்ஹெல்த்துக்கு நாம் வேறு மூலம் எதுவும் சொல்லாவிட்டால், அது நல்ல ஃபைல்களை விண்டோஸ் அப்டேட்டிடமே போய்க் கேட்கும். அப்டேட்தான் ஓடவில்லையே! அப்போது அதே பதிப்பின் ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது முழு விண்டோஸ் நிறுவல் வட்டையும் அடைத்த ஒற்றை ஃபைலை, மவுன்ட் செய்து, அதன் சோர்ஸஸ் ஃபோல்டரில் உள்ள இன்ஸ்டால் இமேஜை மூலமாகக் காட்ட வேண்டும். பதிப்பு வேறாக இருந்தால் மூலம் கிடைக்கவில்லை என்றுதான் பதில் வரும்.

அதற்கும் மசியவில்லை என்றால், ரிப்பேர் இன்ஸ்டால். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே ஐஎஸ்ஓவைத் திறந்து செட்டப்பை ஓட்டினால், ஃபைல்களும் புரோகிராம்களும் இருந்த இடத்தில் இருக்க, விண்டோஸ் மட்டும் புதிதாகிவிடும். பென்டிரைவிலிருந்து பூட் செய்து ஓட்டினால் இந்த வசதி கிடைக்காது. இது தெரியாமல் பூட் செய்துவிட்டு, “அண்ணே, அப்கிரேட் எடுக்க மாட்டேங்குது” என்று கேட்பவர்கள் ஏராளம். ‘கீப் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்’ என்ற வரி மங்கலாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மொழியோ எடிஷனோ பொருந்தவில்லை, அல்லது ஐஎஸ்ஓ பழைய பதிப்பு. நம் ஊரில் விற்கும் லேப்டாப்புகளில் ஹோம் சிங்கிள் லாங்வேஜ் எடிஷன் நிறைய. ஆங்கிலத்திலும் அமெரிக்க ஆங்கிலம் வேறு, இன்டர்நேஷனல் ஆங்கிலம் வேறு. எது இருக்கிறது என்று பார்த்து அதையே இறக்குங்கள்.

விண்டோஸ் 11 என்றால் ஐஎஸ்ஓகூட வேண்டாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரெக்கவரி. ‘ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அப்டேட்டின் இறக்கும் பகுதி உயிரோடு இருந்தால், ரிப்பேர் இன்ஸ்டாலை அதுவே செய்துகொள்ளும். தம்பியின் கையில் இருந்த லேப்டாப்பை நாங்கள் சரிசெய்தது இப்படித்தான். முதலிலேயே இதைத் தொட்டிருந்தால் அந்த லேப்டாப்புக்குச் சொந்தக்காரியான காலேஜ் பெண்ணின் புரோகிராம்கள் ஒன்றும் போயிருக்காது.

62.3 சதவீதத்தில் டிஸ்ம் விண்டோவை மூடுவது

மூடாதீர்கள். அங்கே நிற்பது அதன் வழக்கம். காத்திருங்கள்.

80070643 வந்ததும் நெட்டைக் குறை சொல்வது

2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10-க்கு கேபி 5034441 என்ற அப்டேட் வந்தது. டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரைத் தாண்டி உள்ளே போக வழிவிட்ட ஒரு ஓட்டையை அடைப்பதற்கானது. அது, மீட்புக் கருவிகளுக்கென டிஸ்கில் ஒதுக்கிய ரெக்கவரி பார்ட்டிஷனுக்குள் போய் எழுத வேண்டும், அதற்கு அங்கே 250 எம்பி காலி இடம் வேண்டும். இல்லாவிட்டால் ‘இடம் போதவில்லை’ என்று சொல்லாமல் 80070643 என்ற பொதுவான எண்ணைக் காட்டும். ஒருவர் டவுன்லோட் கோளாறு என்று நினைத்து மோடத்தையே மாற்றிவிட்டார்.

பழைய டிஸ்கின் இமேஜைப் புது எஸ்எஸ்டியில் இறக்கியவர்களிடம் இந்தத் தொல்லையை அதிகம் பார்க்கிறேன். ரெக்கவரி பார்ட்டிஷன் பழைய அளவிலேயே வந்து உட்கார்ந்திருக்கும், அல்லது சி டிரைவுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நீட்ட இடமில்லாமல் இருக்கும். முதலில் ரீஏஜென்ட்சி கட்டளையில் இன்ஃபோ கொடுத்து அது எந்தப் பார்ட்டிஷனில், என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அதை டிஸேபிள் செய்து, சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி, ரெக்கவரி பார்ட்டிஷனை சி டிரைவுக்கு அடுத்தபடியாகப் புதிதாகப் போட்டு, மறுபடி எனேபிள் செய்ய வேண்டும். பார்ட்டிஷன் வேலை என்பதால் பேக்கப் இல்லாமல் கை வைக்காதீர்கள். பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்கச் சாவி கையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். “அது என்ன சாவி?” என்று வாடிக்கையாளர் திருப்பிக் கேட்டால், அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி எழுதிக்கொண்ட பிறகுதான் ஸ்குரூ டிரைவரைத் தொடலாம்.

கேட்ரூட்டை அழிப்பது

அப்டேட் ஏறாதபோது, விண்டோஸ் கையொப்பங்களை வைத்திருக்கும் இரண்டு ஃபோல்டர்களில் பெயர் மாற்ற வேண்டியது கேட்ரூட்2. இரண்டு இல்லாத கேட்ரூட்டைத் தொடக்கூடாது. கேட்ரூட்2 தானாகத் திரும்ப உருவாகும், கேட்ரூட் உருவாகாது.

ஃபேக்டரி ரெக்கவரி போட்டுவிட்டு படிப்படியாக ஏறுவது

கம்பெனி கொடுத்த ரெக்கவரி பார்ட்டிஷனிலிருந்து மீட்டால், லேப்டாப் வாங்கிய அன்று என்ன பதிப்பு இருந்ததோ அதுதான் வரும். 2018-இல் வாங்கியது என்றால் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு வரலாம். ஹோம் எடிஷனில் 1803-க்கு ஆதரவு 2019 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும் என்று நினைத்து நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். தேவையில்லை. 22எச்2 ஐஎஸ்ஓவை உள்ளிருந்து ஓட்டினால் நேராக அங்கே போய்விடலாம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பும் அதுதான். 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு வழக்கமான ஆதரவு இல்லை. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யவும் 22எச்2-இல் இருக்க வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் ஒரு வேலை. ஃபேக்டரி ரெக்கவரி, அன்றைக்கு இலவசமாகக் கொடுத்த சோதனைக்கால ஆன்டிவைரஸையும் சேர்த்தே கொண்டுவரும். காலாவதியான அது பதிப்பு மாறும் நேரத்தில் குறுக்கே நிற்கும். முதலில் அதை நீக்குங்கள்.

விண்டோஸ் 7-ஐ மீட்டுவிட்டு அப்டேட் தேடுவது

பில்லிங் மெஷின்களில் இன்னும் பார்க்கிறேன். பழைய டிவிடியிலிருந்து போட்டால் சர்வீஸ் பேக் 1, பிறகு கேபி 4490628, பிறகு கேபி 4474419. இவற்றைக் கையால் ஏற்றும்வரை, எஸ்எச்ஏ-2 கையொப்பம் கொண்ட புதிய அப்டேட்டுகளை அதனால் சரிபார்க்க முடியாது. அதுவும் 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு முடிந்துபோன விண்டோஸ். ஏற்றிக் கொடுத்துவிட்டு, அந்த மெஷினில் பேங்க் வேலை செய்ய வேண்டாம் என்று கடைக்காரரிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.