ஐ.வி.எஃப் சிகிச்சைக்கு மொரீஷியஸிலிருந்து சென்னை: டிக்கெட் கடைசியில்தான்

கல்யாணப் புடவை எடுக்கச் சென்னைக்குப் போகிறவர்கள் முதலில் டிக்கெட் போடுவார்கள், மற்றதெல்லாம் அப்புறம். குழந்தைப்பேறு சிகிச்சைக்கு இந்த வரிசை சரிவராது. சிகிச்சை தொடங்குவது மனைவியின் மாதவிடாய் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில். டிசம்பர் சலுகை டிக்கெட்டுக்கு அது காத்திருக்காது. அதனால் டிக்கெட்டை ஐந்தாவது படியில் வைத்திருக்கிறேன்.

1. பரிசோதனைகளை இங்கேயே முடியுங்கள்

முதலில் கணவருக்கு விந்தணுப் பரிசோதனை. 2 முதல் 7 நாள் வரை உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். மருமகளுக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்கவைத்துவிட்டு, மகனை ஒருமுறை லேபுக்கு அனுப்பத் தயங்கும் மாமியார்கள் நம்மிடையே உண்டு. வலியில்லாத, செலவு குறைந்த பரிசோதனை அதுதான்.

மனைவிக்கு ஏ.எம்.எச். (சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், கருப்பை ஸ்கேன். மருத்துவர் சொன்னால் கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே. இருவருக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ்.

ஏ.எம்.எச். ரிப்போர்ட்டில் எண்ணோடு அலகையும் பாருங்கள். சில லேப்கள் பிகோமோல் கணக்கிலும் சில நானோகிராம் கணக்கிலும் தருகின்றன. மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்குச் சுமார் 7.14 பிகோமோல். உங்கள் ரிப்போர்ட்டில் 14 என்று இருந்து அது பிகோமோலானால், சென்னைக் கணக்கில் 2 தான், சாதாரண அளவு. அதையே 14 நானோகிராம் என்று படித்தால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று நினைத்து ஊசியின் அளவையே மாற்றிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் வெறும் எண்ணைத் தட்டி அனுப்பாமல் முழுத்தாளையும் படமெடுத்து அனுப்புங்கள். ரிப்போர்ட் பிரெஞ்சில் இருந்தால் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள்.

2. மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி ஒவ்வொரு மையமும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அடுத்த இடம் பாருங்கள். மனைவிக்கு 21 முதல் 50, கணவருக்கு 21 முதல் 55 என்று அதே சட்டம் வயது வரம்பு வைத்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது குற்றம், கேட்கவே வேண்டாம்.

“70 சதவீத வெற்றி” என்ற விளம்பரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். “என் வயதுப் பெண்களில், சிகிச்சையைத் தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் குழந்தையோடு வீடு போனார்கள்?” என்று கேளுங்கள். இரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்ததெல்லாம் வெற்றிக் கணக்கில் சேர்ந்திருக்கக்கூடும். 35-க்கு மேல் வாய்ப்பு குறையும், 40-க்கு மேல் வேகமாகக் குறையும். வயதைக் கேட்காமலே சதவீதம் சொல்லும் ஏஜெண்டிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

வீடியோவில் பேசும்போது சென்னை நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இருப்பது நினைவிருக்கட்டும். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே 7.30.

3. செலவை எழுத்தில் வாங்குங்கள்

ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை லட்சம் ரூபாய் சொல்வார்கள். அது இந்திய ரூபாய். நம் மொரீஷியஸ் ரூபாயின் மதிப்பு ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு. வீட்டில் பெரியவர்கள் தொகையைக் கேட்டதும் மலைத்துப்போவது பாதி இந்தக் குழப்பத்தால்தான். அந்தத் தொகையில் ஊசி மருந்து, மயக்க மருந்து, இக்ஸி (ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்துவது), கருவை உறையவைப்பது, பிறகு அதைக் கருப்பைக்குள் மாற்றுவது எல்லாம் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஊசிச் செலவு ஆளுக்கு ஆள் மாறும்.

4. காகிதங்கள்

திருமணப் பதிவுச் சான்றிதழ் கட்டாயம். கோயிலில் தாலி கட்டிய படம் போதாது. இ-மெடிக்கல் விசாவுக்கு மருத்துவமனையின் கடிதம் வேண்டும், அதில் இருவர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கட்டும். விசா 60 நாள், மூன்று முறை நுழையலாம். அரசுத் தளத்தின் முகவரி gov.in என்று முடியும். அதுபோலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பணம் பிடுங்கும். ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் இந்த விசாவே தேவையில்லை. இந்திய வம்சாவளியில் ஏழாவது தலைமுறை மொரீஷியஸ்காரர்களுக்கும் அந்த அட்டை உண்டு என்று 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இங்கு வந்தபோது அறிவித்தார்.

சென்னையில் சித்தி வீட்டில் தங்கினாலும், வெளிநாட்டவர் தங்கியிருப்பதை 24 மணி நேரத்துக்குள் அவர்கள் பதிவு செய்ய வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

5. இப்போது டிக்கெட்

மாதவிடாய்க்கு இரண்டு மூன்று நாள் முன்பே சென்னையில் இருங்கள். முட்டை வளர்ச்சியைத் தூண்டும் ஊசி சுமார் 9 முதல் 12 நாள், நடுநடுவே காலை ஸ்கேன். முட்டைப் பைகள் போதிய அளவு வளர்ந்ததும், முட்டை முதிர இரவில் ஒரு ஊசி போடுவார்கள். அதன் நேரம் நிமிடக் கணக்கு, ஏனென்றால் அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அல்லது ஐந்து நாள் கழித்துக் கரு மாற்றம். எல்லாம் சேர்த்து மூன்று வாரம் ஆகும்.

ஆனால் பலருக்குக் கருவை உறையவைத்து அடுத்த மாதமோ அதற்குப் பிறகோ மாற்றுகிறார்கள். அப்படியானால் இரண்டு பயணம். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குக் கூடக் கொடுக்கும் பணம் வீணல்ல.

முட்டை எடுத்த மறுநாளே விமானம் ஏறாதீர்கள். வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி அது.

6. திரும்பி வந்த பிறகு

விமானம் குலுங்கினால் கரு நழுவிவிடும் என்பது வீண் பயம். படுத்தே கிடக்கவும் வேண்டாம். கர்ப்பம் தங்க உதவும் புரோஜெஸ்டிரான் மாத்திரையை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டி தொலைந்தாலும் ஒரு வேளை தவறக்கூடாது. இரத்தப் பரிசோதனை சுமார் இரண்டு வாரத்தில். அதற்குள் சிறுநீர் கிட்டில் எட்டிப் பார்த்தால் முட்டை முதிர இரவில் போட்ட அந்த ஊசியின் மிச்சமே இரண்டு கோடு காட்டிவிடலாம்.

மீதக் கருக்கள் இருந்தால் ஆண்டுக் கட்டணத்தை யார், எப்படிக் கட்டுவது என்று கிளம்பும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதிகபட்சம் 10 ஆண்டு வைத்திருப்பார்கள். மொரீஷியஸுக்குக் கொண்டுவர நினைத்தால் அந்தச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் சொல்லும் இந்தியத் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும்.